பன்றி எலும்பும் போப் முத்திரையும்: சாசரின் பார்டனர் உண்மையில் விற்றது என்ன?

ஆங்கில இலக்கியம் படித்த யாரிடமாவது 'பார்டனர்' என்று சொல்லிப் பாருங்கள். (தொழிலில் கூட்டு சேரும் பார்ட்னர் இல்லை, இது 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசர் படைத்த ஒரு பாத்திரம்.) "ஓ, அந்தப் பாவமன்னிப்பு விற்கிற ஆளா? காசு கொடுத்தால் சொர்க்கத்துக்கு டிக்கெட்!" என்று பதில் வரும். கைடு புத்தகத்தைப் புரட்டினாலும் இதேதான்: ஊழல் பேர்வழி, பேராசைக்காரன், பாசாங்குக்காரன். பரீட்சைக்கு இது போதும். ஆனால் இந்த மூன்று வார்த்தையை எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை மூடினால், அவன் எப்படிப் பிழைத்தான், விவரம் தெரிந்த மனிதர்கள்கூட ஏன் அவனிடம் காசைக் கொடுத்தார்கள் என்பது புரியாமலே போய்விடும். 14-ஆம் நூற்றாண்டு ஆட்கள் எல்லாம் ஏமாளிகள் என்ற முடிவுக்குத்தான் வருவோம். அவர்கள் நம்மைவிட ஏமாளிகள் இல்லை.

அவன் பாவமன்னிப்பு விற்றான் என்பது பாதிதான் சரி. அவன் பாசாங்குக்காரன் என்பதும் பாதிதான் சரி. மீதிப் பாதிகளைப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. கிறிஸ்தவ சமயத்தைப் பற்றியோ பழைய ஆங்கிலத்தைப் பற்றியோ எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஆள் யார்?

ஜெஃப்ரி சாசர் லண்டன்காரர். கவிதை எழுதியது போக, சம்பளத்துக்கு அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். 1374 முதல் 12 வருடம் லண்டன் துறைமுகத்தில் கம்பளி ஏற்றுமதிச் சுங்கக் கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது. முத்திரை, பத்திரம், ரசீது, அதில் நடக்கும் தில்லுமுல்லு எல்லாவற்றோடும் தினமும் புழங்கிய ஆள். இதை ஓர் ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு உதவும்.

1387 வாக்கில் 'கேன்டர்பரி கதைகள்' என்ற பெரிய கவிதை நூலைத் தொடங்கி, 1400-ல் இறக்கும்வரை அதை அவர் முடிக்கவில்லை. லண்டனுக்குத் தெற்கே சதர்க்கில் டபார்ட் என்ற விடுதி. அங்கே கிட்டத்தட்ட முப்பது பேர் கூடுகிறார்கள். எல்லாரும் கேன்டர்பரியில் தாமஸ் பெக்கெட் என்ற புனிதரின் சமாதிக்கு யாத்திரை போகிறவர்கள். வழியில் பொழுது போக ஆளுக்குக் கதை சொல்லலாம், நல்ல கதை சொன்னவருக்குத் திரும்பி வந்ததும் மற்றவர்கள் செலவில் விருந்து என்று விடுதிக்காரர் ஹாரி பெய்லி ஏற்பாடு செய்கிறார். யாத்திரைக் கூட்டத்தில் மதத்தை வைத்துப் பிழைப்பவர்கள் பல பேர். வேட்டை நாய் வளர்க்கும் துறவி உண்டு. பாவத்தைக் கேட்டுவிட்டுக் காசுக்கேற்ப லேசான பரிகாரம் சொல்லி அனுப்பும் பிச்சைத் துறவி உண்டு. நம் ஆள் இவர்களுக்கெல்லாம் கடைசியில் வருகிறான்.

மெழுகு மாதிரி மஞ்சளான முடி, தோளில் சிறு சிறு இழையாகத் தொங்குகிறது. முயலுக்கு இருப்பதுபோல முழிக்கும் கண்கள். வெள்ளாட்டுக் குரல். தாடி முளைக்கவில்லை, இனி முளைக்கப் போவதுமில்லை. தொப்பியில் ரோமுக்குப் போய் வந்ததற்கான அடையாளச் சின்னம் தைத்திருக்கிறது. மடியில் ஒரு பை. அந்தப் பை நிறைய, ரோமிலிருந்து 'சுடச்சுட' வந்த பத்திரங்கள். அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய பண்டத்தைச் சொல்வதுபோல 'சுடச்சுட' என்று சாசர் எழுதுகிறார் பாருங்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் சிரிப்பு வரும் இடம் அது.

சரி, அந்தப் பத்திரம் என்ன?

உடைந்த கண்ணாடி

உங்கள் பையன் கிரிக்கெட் ஆடிப் பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். போய் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்கிறான். பக்கத்து வீட்டு மாமா நல்லவர், "சரி விடு, இனிமேல் பார்த்து ஆடு" என்று தலையைத் தடவி அனுப்புகிறார். கோபம் தீர்ந்தது, உறவு பழையபடி. ஆனால் கண்ணாடி? அது உடைந்துதான் கிடக்கிறது. யாராவது காசு கொடுத்துப் புதிதாகப் போட்டாக வேண்டும்.

அந்தக் கால ஐரோப்பியத் திருச்சபை பாவத்தை இப்படி இரண்டாகத்தான் பிரித்தது. ஒன்று, கடவுளோடு உறவு முறிந்த குற்றம். இது நீங்க ஒரே வழி: மனம் வருந்தி, குருவிடம் பாவத்தைச் சொல்லி, அவர் மூலம் மன்னிப்புப் பெறுவது. இதற்குப் பாவசங்கீர்த்தனம் என்று பெயர். இன்னொன்று, மன்னிப்புக் கிடைத்த பிறகும் மிச்சம் இருக்கும் தண்டனைப் பாக்கி, அதாவது அந்த உடைந்த கண்ணாடி. அதை உபவாசம், ஜெபம், தர்மம், யாத்திரை என்று இந்த உலகத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டித் தீர்க்கலாம். தீர்க்காமல் செத்துப் போனால், சொர்க்கத்துக்குப் போகும் முன் ஓரிடத்தில் வெந்து சுத்தமாகித்தான் போக வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கர்கள் உத்தரிக்கும் ஸ்தலம் என்று சொல்வது அதைத்தான். நரகம் வேறு, இது வேறு. நரகத்திலிருந்து வெளியே வர முடியாது. இங்கிருந்து ஒரு நாள் நிச்சயம் விடுதலை உண்டு, எப்போது என்பதுதான் கேள்வி.

பார்டனர் பையில் இருந்த பத்திரம் இந்த இரண்டாவது கணக்கைக் குறைக்கும் சலுகைக்கானது. தமிழ்க் கத்தோலிக்கர் வழக்கில் இந்தச் சலுகைக்குப் 'பலன்' என்று பெயர், 'பரிபூரண பலன்' என்று எங்காவது கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் வரலாற்றுப் புத்தகங்கள் அதையே 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று எழுதின. குழப்பமே அந்தப் பெயரில்தான் ஆரம்பிக்கிறது. சட்டப்படி அந்தச் சீட்டு பாவத்தை மன்னிக்காது. ஏற்கெனவே பாவசங்கீர்த்தனம் செய்து மன்னிப்புப் பெற்றவருக்கு மட்டும்தான் அது செல்லும். மற்றவர் கையில் அது வெறும் தோல் துண்டு.

நாற்பது நாள், யாருடைய நாள்?

இந்தச் சீட்டுகளில் '40 நாள்', 'ஒரு வருடம்' என்றெல்லாம் கணக்கு இருக்கும். உத்தரிக்கும் ஸ்தலத்தில் 40 நாள் குறையும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள், அந்தக் காலத்திலும் நிறையப் பேர் அப்படித்தான் நினைத்தார்கள். உண்மையில் அது பூமியில் செய்யும் தவத்தின் கணக்கு. ஆரம்பக் காலத் திருச்சபையில் பெரிய பாவத்துக்கு இத்தனை நாள் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் என்று கடுமையான பரிகாரம் சொல்வார்கள். அப்படி 40 நாள் தவம் இருந்தால் எவ்வளவு பாக்கி தீருமோ அவ்வளவு தீர்ந்ததாக வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் பொருள். இந்த நாள் கணக்குக் குழப்பம் அவ்வளவு நாள் நீடித்து, கடைசியில் 1967-ல் போப் ஆறாம் பால் நாள், வருடக் கணக்கையே எடுத்துவிட்டார்.

அந்தப் பாக்கியை யார் கட்டுகிறார்கள்? இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் தாத்தா காலத்து நெல் குதிர் ஒன்று இருக்கிறது, தனக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு சேர்த்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார். பேரன் ஒருவன் கஷ்டப்படும்போது குடும்பத் தலைவர் குதிரின் வாயைத் திறந்து நாலு மூட்டை அளந்து கொடுக்கிறார். அதுபோலக் கிறிஸ்துவும் புனிதர்களும் சேர்த்துவைத்த புண்ணியம் ஒரு பொதுக் கருவூலமாக இருக்கிறது, சாவி போப்பிடம் இருக்கிறது என்றார்கள். 1343-ல் போப் ஆறாம் கிளமெண்ட் இதை ஆணையாகவே எழுதி அறிவித்தார். ஐந்தே வருடத்தில் இங்கிலாந்துக்குக் கொள்ளை நோய் வந்தது. 1348-லும் 1349-லும் மூன்றில் ஒருவருக்குக் குறையாமல் செத்துப் போனார்கள், சாமியார் வந்து பாவத்தைக் கேட்பதற்குள் செத்தவர்கள் எத்தனையோ பேர். நாளை உயிரோடு இருப்போமா என்றே தெரியாத ஊரில் 'உன் பாக்கியைக் குறைக்கிறேன்' என்று முத்திரையோடு ஒருவன் வந்து நின்றால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: குற்றத்தை மன்னிப்பது பாவசங்கீர்த்தனம். மிச்சத் தண்டனையைக் குறைப்பது பலன். முதலாவது இல்லாமல் இரண்டாவது இல்லை. இந்த வரிசை ஞாபகம் இருந்தால் போதும், மேலே போகலாம்.

ரசீது புத்தகத்தோடு வருகிறவர்

பலன் பெற ஒரு நல்ல காரியம் செய்ய வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அந்த நல்ல காரியம் நன்கொடையாக மாறியது. பாலம் கட்ட, சாலை போட, ஆஸ்பத்திரி நடத்த, கோயில் (சர்ச்) கூரை மாற்ற, இப்படிப் பொதுக் காரியத்துக்குக் காசு கொடுத்தால் இத்தனை நாள் பலன் என்று ஆயர்கள், அதாவது பிஷப்புகள், அறிவித்தார்கள். அன்றைய அரசாங்கம் செய்யாத எத்தனையோ வேலை அந்தக் காசில் நடந்தது. அதனால் இந்த ஏற்பாடு முழுக்க மோசடி என்று ஒரே போடாகப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் காசை வீடு வீடாக, ஊர் ஊராகப் போய் யாராவது வசூல் பண்ண வேண்டுமே. நம் தெருவில் கோயில் திருப்பணிக்கு, அனாதை இல்லத்துக்கு என்று ரசீது புத்தகத்தோடு வருகிறார்களே, அந்த வேலைதான் பார்டனர் வேலை. அவர் ஒரு நிறுவனத்தின் வசூல் பிரதிநிதி. பாவத்தைக் கேட்கவோ மன்னிக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அவர் குருவாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. சாசரின் ஆள் குருவா, சாதாரண ஆளா என்று இன்றைக்கும் படித்தவர்கள் சண்டை போடுகிறார்கள். சாசர் வேண்டுமென்றே தெளிவாகச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று நினைக்கிறேன். நம் ஆள் எந்த நிறுவனத்துக்கு வசூலித்தான் என்பது மட்டும் தெரிகிறது: 'ரவுன்சிவல் பார்டனர்' என்கிறார் சாசர். லண்டனில் சேரிங் கிராஸ் பக்கத்தில் அந்தப் பெயரில் உண்மையிலேயே ஓர் ஆஸ்பத்திரி மடம் இருந்தது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவில் உள்ள பிரனீஸ் மலைக் கணவாயில் யாத்திரிகர்களுக்குச் சத்திரம் நடத்திய ரொன்சஸ்வால்யெஸ் மடத்தின் கிளை அது. இன்றைக்கு ஒரு நாவலில் நிஜ அறக்கட்டளையின் பெயரைப் போட்டு அதன் வசூல்காரனைத் திருடன் என்று எழுதுவது போலத்தான் இது. சாசருக்குத் துணிச்சல்தான்.

வசூல்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்று திருச்சபைக்குத் தெரியாமலில்லை. 1215-ல் ரோமில் நடந்த நான்காவது லாத்தரன் பொதுச்சங்கம் இதற்கென்றே ஒரு விதி போட்டது. வசூலுக்குப் போகிறவர் கையில் முறையான அதிகாரக் கடிதம் இருக்க வேண்டும், அடக்கமாக நடந்துகொள்ள வேண்டும், மதுக்கடைகளில் தங்கக் கூடாது, வீண் செலவு செய்யக் கூடாது. அதே விதியில், புனிதர்களின் எலும்பு, துணி போன்ற திருப்பண்டங்களை விற்பனைக்கு வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது. இப்போது சாசரைத் திறங்கள். கதை சொல்லச் சொன்னதும் நம் ஆள் முதலில் செய்வது என்ன? "இதோ இந்தக் கடையில் கொஞ்சம் குடித்துவிட்டு, ஒரு ரொட்டியும் தின்றுவிட்டுச் சொல்கிறேன்" என்கிறான். குடித்துக்கொண்டே, தான் எப்படி ஏமாற்றுகிறேன் என்பதை ஒன்று விடாமல் விளக்க ஆரம்பிக்கிறான்.

பிரசங்க மேடையில் ஒரு நாள்

ஊர்க் கோயிலுக்குள் நுழைகிறான். பங்குச் சாமியார் ஓரமாக நிற்கிறார். முதல் வேலை, பத்திரங்களை எடுத்துக் காட்டுவது. போப் பெயரில் ஒன்று, கர்தினால்கள் பெயரில், ஆயர்கள் பெயரில். நாட்டு மன்னரின் முத்திரையையும் முன்கூட்டியே காட்டிவிடுகிறான், 'என் மேல் கை வைக்க யாருக்கும் தைரியம் வரக் கூடாது' என்பதற்காக. அப்புறம் நாலு வார்த்தை லத்தீன். பிரசங்கத்துக்குக் குங்குமப்பூ போடுவது போல என்று அவனே சொல்கிறான். ருசிக்கும் நிறத்துக்கும் ஒரு சிட்டிகை, அவ்வளவுதான். கழுத்தை நீட்டி, களஞ்சியக் கூரையில் உட்கார்ந்த புறா மாதிரி கிழக்கே ஒரு தரம் மேற்கே ஒரு தரம் தலையை ஆட்டுகிறான். கையும் நாக்கும் அவ்வளவு வேகமாக ஓடுவதைப் பார்க்கவே ஆனந்தமாக இருக்குமாம், அவனே சொல்லிக்கொள்கிறான்.

அடுத்து கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே பழந்துணியும் எலும்பும். மாதா அணிந்த முக்காடு என்று ஒரு துணியைக் காட்டுகிறான், அது தலையணை உறை. புனித பேதுருவின் படகுப் பாயில் ஒரு துண்டு. கல் பதித்த பித்தளைச் சிலுவை. ஒரு கண்ணாடிக்குள் பன்றி எலும்பு. பரிசுத்தவானான ஒரு யூதருடைய ஆட்டின் தோள் எலும்பு என்று ஒன்று வைத்திருக்கிறான், அதைக் கிணற்றில் கழுவினால் அந்தத் தண்ணீர் பாம்பு கடித்த மாட்டைப் பிழைக்க வைக்குமாம், வீட்டில் புருஷனுடைய சந்தேகப் புத்தியையும் சரியாக்குமாம். ஒரு கையுறையும் உண்டு. அதைப் போட்டுக்கொண்டு விதைத்தால் விளைச்சல் பெருகும், ஒரே நிபந்தனை, காணிக்கை போட வேண்டும். கவனியுங்கள், ஆன்மாவைப் பற்றி இன்னும் பேச்சே எடுக்கவில்லை. மாடு, பயிர், குடும்பச் சண்டை, கிராமத்துக்காரனுக்கு ராத்திரி தூக்கம் வராமல் பண்ணும் விஷயங்கள் இவைதான் என்று அவனுக்குத் தெரியும்.

இதற்குப் பிறகுதான் அசல் வித்தை. கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறான்: "ஒன்றை எச்சரிக்கிறேன். வெட்கத்தால் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல முடியாத பயங்கரப் பாவம் செய்தவர் யாராவது இங்கே இருந்தால், அல்லது புருஷனுக்குத் துரோகம் செய்த பெண் யாராவது இருந்தால், இளையவளோ கிழவியோ, அவர்களுக்கு என் திருப்பண்டங்களுக்குக் காணிக்கை போடும் தகுதி கிடையாது. அந்தக் குற்றம் இல்லாதவர்கள் மட்டும் வரலாம்."

இப்போது நீங்கள் அந்தக் கோயிலில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். கையில் காசு குறைவு, இவன் மேல் நம்பிக்கையும் இல்லை. எழுந்து போகாமல் இருக்க முடியுமா? பக்கத்து வீட்டுக்காரி எழுந்துவிட்டாள், மாமியார் எழுந்துவிட்டார், நீங்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிறீர்கள், புருஷன் திரும்பிப் பார்க்கிறார். ஒரு பென்னி போட்டால் மானம் தப்பும். போடாவிட்டால் நாளைக் காலை கிணற்றடியில் என்ன பேச்சு ஓடும் என்று உங்களுக்கே தெரியும். உண்மையிலேயே தப்பு செய்தவள் முதல் ஆளாக எழுவாள்.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே இருக்கிறது தெரிகிறதா? 'பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெற்றவருக்கு மட்டும்தான் பலன்' என்பது திருச்சபையின் சரியான விதி, மேலே பார்த்தோமே அதுதான். அவன் அந்த விதியை மீறுகிறான் என்றுகூடச் சொல்ல முடியாது. அதையே உரக்க அறிவிக்கிறான். மனசாட்சியைத் தட்டி எழுப்ப வைத்த விதியை, ஊர் வாய்க்குப் பயந்து காசு போட வைக்கும் கண்ணியாகத் திருப்பிவிட்டான். இதற்கு யாரும் அவனை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. அதனால்தான் அந்த ஊர்க்காரர்களை ஏமாளிகள் என்று சொல்லாதீர்கள் என்றேன்.

அதோடு நிறுத்தவில்லை. காணிக்கை போட்டவர்களை 'எனக்குள்ள அதிகாரத்தால் மன்னிக்கிறேன்' என்கிறான், பெயரைத் தன் சுருளில் எழுதிக்கொண்டு 'நீ மோட்சத்துக்குப் போவாய்' என்கிறான். இரண்டும் அவன் பத்திரத்தில் இல்லாத அதிகாரம். ஆக 'சொர்க்கத்துக்கு டிக்கெட்' என்று நாம் சொல்வது திருச்சபையின் போதனை இல்லை, அவனுடைய விளம்பர வாசகம். அறுநூறு வருடம் கழித்து நாமும் அந்த விளம்பரத்தைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எவ்வளவு காசு?

வருடத்துக்கு 100 மார்க் சம்பாதித்தேன் என்று பீற்றிக்கொள்கிறான். மார்க் என்பது நாணயம் இல்லை, கணக்கு அளவு. ஒரு மார்க் 160 பென்னி. அப்படியானால் 16,000 பென்னி. 1351-ல் கூலியை ஏறவிடாமல் கட்டுப்படுத்தப் போட்ட சட்டம் தலைமைக் கல்தச்சருக்கு ஒரு நாளைக்கு 4 பென்னி என்றது. அந்தக் கணக்கில் 4,000 நாள் கூலி, லீவு நாள் போக வருடத்துக்கு 300 நாள் வேலை என்று வைத்தாலும் பதின்மூன்று வருட உழைப்பு. இன்னொரு ஒப்பீடு: 1367-ல் மன்னர் சாசருக்கே ஆண்டு மானியமாகக் கொடுத்தது 20 மார்க். நல்ல அரண்மனை ஊழியர் ஒருவருக்குக் கிடைத்ததைப் போல ஐந்து மடங்கைத் தன் பாத்திரம் சம்பாதிப்பதாக எழுதும்போது அந்தச் சுங்கக் கணக்காளர் என்ன நினைத்திருப்பாரோ. ஏழைப் பங்குச் சாமியார் இரண்டு மாதத்தில் பார்ப்பதை இவன் ஒரே நாளில் பார்த்துவிடுவான் என்றும் ஒரு வரி வருகிறது.

காசு மட்டுமில்லை. கம்பளி, பாலாடைக்கட்டி, கோதுமை, வெள்ளிக் கரண்டி, மோதிரம், எது வந்தாலும் சரி. ஊரிலேயே பரம ஏழையான விதவையிடமும் வாங்குவேன், அவள் பிள்ளைகள் பட்டினியால் செத்தாலும் சரி என்கிறான். படிக்கும்போது அதுவரை இருந்த சிரிப்பு இந்த வரியில் நின்றுவிடும்.

பண ஆசைக்கு எதிராகப் பிரசங்கம்

அவன் எப்போதும் பேசும் தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: 'ராடிக்ஸ் மலோரம் எஸ்ட் குப்பிடிடாஸ்.' பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில் வருவது. தமிழ் பைபிளில் 'பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது' என்று இருக்கும்.

பேராசைக்காரன் பேராசையைக் கண்டித்துப் பேசுகிறான், என்ன முரண் பார் என்று எல்லாரும் இங்கே நின்றுவிடுகிறார்கள். அது முரண் இல்லை, தொழில் நுணுக்கம். காசின் மேல் பற்றை விடு என்று ஒருவரை உருக வைத்தால், அந்த உருக்கத்தை அவர் எப்படிக் காட்டுவார்? கையில் இருக்கும் காசை விட்டுத்தான். அதை வாங்கிக்கொள்ள எதிரிலேயே ஒருவன் பையோடு நிற்கிறான். குடியைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ பிரசங்கம் செய்தால் கேட்டவர் திருந்தி வீட்டுக்குப் போய்விடுவார், இவனுக்கு என்ன லாபம்?

அவன் சொல்லும் கதை இதற்கு ஏற்ற கருவி. ஃபிளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியம் பக்கம்) மூன்று குடிகாரர்கள், கொள்ளை நோயில் நண்பன் செத்த கோபத்தில் 'சாவு' என்கிறவனைத் தேடிக் கொல்லக் கிளம்புகிறார்கள். வழியில் ஒரு கிழவர், சாவு அந்த ஓக் மரத்தடியில் இருக்கிறான் என்று காட்டுகிறார். அங்கே குவியலாகத் தங்கக் காசு. ராத்திரி வரை காவல் இருக்க வேண்டுமே என்று இளையவனைச் சாப்பாடு வாங்க அனுப்புகிறார்கள். அவன் திரும்பியதும் குத்திவிடலாம் என்று இங்கே இரண்டு பேர் திட்டம். எலிக்கு என்று சொல்லி விஷம் வாங்கி மதுவில் கலந்து அவன் வருகிறான். அவனைக் கொன்றுவிட்டு அதே மதுவைக் குடிக்கிறார்கள். கதை இவ்வளவுதான். இதன் மிகப் பழைய வடிவங்களில் ஒன்று பாலி மொழியில் உள்ள புத்த ஜாதகக் கதை என்பது ஒரு தகவல். அதில் மதுவுக்குப் பதில் சோறு. நம் நாட்டுப் பக்கத்திலிருந்து இங்கிலாந்து வரை அந்தக் கதை எத்தனை வாய் மாறிப் போயிருக்கும்!

அது அருமையான கதை. கேட்டவர் திருந்தவும் கூடும். "நானே கெட்டவன்தான், ஆனாலும் நீதிக் கதை சொல்ல எனக்குத் தெரியும்" என்று அவனே சொல்கிறான். மருந்து சரியாக இருந்து, கொடுக்கிறவன் திருடனாக இருந்தால் மருந்து வேலை செய்யுமா? சாசர் இதற்குப் பதில் சொல்லவில்லை. அந்தக் கால இங்கிலாந்தில் இது வெறும் இலக்கியக் கேள்வியும் இல்லை, 1378 முதல் ஐரோப்பாவில் ஒரே நேரத்தில் இரண்டு போப்கள் இருந்தார்கள். யாருடைய முத்திரை செல்லும் என்பதே சண்டையாக இருந்தது.

சுருக்கமாக: அதிகாரக் கடிதம் நிஜமாகவே இருக்கலாம், விதி நிஜம், பைபிள் வசனம் நிஜம், கதை நல்ல கதை. பொய்யாக இருந்தவை எலும்பும் அவன் நோக்கமும், பத்திரத்துக்கு மேல் அவன் கொடுத்த வாக்கும்தான்.

அப்போ பாசாங்குக்காரன் இல்லையா?

பாசாங்கு என்றால் உள்ளொன்று வைத்துப் புறமொன்று காட்டுவது. அதற்கு முதல் தேவை, உள்ளே இருப்பது வெளியே தெரியக் கூடாது. வள்ளுவர் சொல்லும் குன்றிமணி மாதிரி, சிவப்பைக் காட்டிக் கறுப்பை மறைக்க வேண்டும். ஊர்க் கோயிலில் அவன் அப்படித்தான். ஆனால் யாத்திரைக் கூட்டத்தில் அந்தக் கறுப்பு முனையைத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுகிறான். "என் நோக்கம் சம்பாதிப்பது மட்டும்தான், பாவத்தைத் திருத்துவது இல்லை. செத்த பிறகு அவர்கள் ஆன்மா எங்கே சுற்றினால் எனக்கென்ன" என்று வெளிப்படையாகப் பேசுகிறவனைப் பாசாங்குக்காரன் என்று மட்டும் சொல்லி எப்படி முடிப்பது?

குடித்திருந்தான், உளறிவிட்டான் என்கிறார்கள் சிலர். வித்தைக்காரன் தன் வித்தையைச் சக தொழில்காரர்களிடம் காட்டிப் பெருமை அடிப்பது போல என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அவன் தன் பாவத்தைச் சொல்கிறானே தவிர எங்கேயும் வருத்தப்படவில்லை. பாவசங்கீர்த்தனத்தின் வடிவம் அப்படியே இருக்கிறது, அதன் உயிரான மனவருத்தம் இல்லை.

ஆனால் கதை முடிந்ததும் ஓர் இடம் வருகிறது. "நான் இப்படித்தான் பிரசங்கம் செய்வேன்" என்று சொல்லி நிறுத்திவிட்டு, திடீரென்று குரல் மாறி, "கிறிஸ்துவே நம் ஆன்மாவுக்கு வைத்தியர். அவருடைய மன்னிப்பு உங்களுக்குக் கிடைக்கட்டும், அதுதான் சிறந்தது, உங்களை ஏமாற்ற மாட்டேன்" என்கிறான். என் பையில் இருப்பதைவிட அது நல்லது என்று தானே ஒப்புக்கொள்கிறான். இரண்டு மூன்று வரிதான். நிஜமா, அடுத்த வலைக்கு இரையா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஏனென்றால் அடுத்த மூச்சிலேயே பையைத் திறக்கிறான். "ஒன்றை மறந்துவிட்டேன், என்னிடம் திருப்பண்டங்கள் இருக்கின்றன, போப் கையாலேயே கொடுத்தது. வாருங்கள், வழியில் யாராவது குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தால் என்ன செய்வீர்கள்? நான் உங்களோடு வருவது உங்கள் அதிர்ஷ்டம்." பன்றி எலும்பு என்று அரை மணி முன்னால் யாரிடம் சொன்னானோ அவர்களிடமே. முதல் ஆளாக விடுதிக்காரரைக் கூப்பிடுகிறான், "பாவத்தில் அதிகம் மூழ்கியவர் நீங்கள்தான், பர்ஸைத் திறங்கள், நாலு பென்னி போதும், எல்லாத்தையும் முத்தம் செய்யலாம்."

ஹாரி பெய்லிக்கு வந்ததே கோபம். "நீ உன் அழுக்குக் கால்சட்டையைக் கொடுத்து, புனிதருடைய திருப்பண்டம் என்று சத்தியம் செய்து என்னை முத்தமிடச் சொல்வாய்" என்று ஆரம்பித்து, அவனுடைய விதைகளை அறுத்துப் பன்றிச் சாணத்துக்குள் வைத்துத் திருப்பண்டமாக்கிவிடுவேன் என்பது வரை போகிறார். தாடி முளைக்காதவன், காயடித்த குதிரையோ பெட்டைக் குதிரையோ என்று சாசர் முன்னுரையில் கிசுகிசுத்த ஆளிடம் இதைச் சொன்னால் எங்கே குத்தும் என்று விடுதிக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு நேரம் ஓயாமல் பேசியவன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கோபத்தில் வாயடைத்து நிற்கிறான். கூட்டம் சிரிக்கிறது.

கடைசியில் யாத்திரைக் கூட்டத்தில் இருந்த போர்வீரர் நடுவில் புகுந்து, போதும் விடுங்கள், முத்தம் கொடுத்துச் சமாதானமாகுங்கள் என்கிறார். எலும்பை முத்தமிட மறுத்த ஹாரி பெய்லி அந்த ஆளையே முத்தமிடுகிறார். குதிரைகள் கிளம்புகின்றன. யாராவது பர்ஸைத் திறந்ததாகச் சாசர் எழுதவில்லை.